கை நனைக்கும் முன்

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. விடிந்ததும் காப்பி கிடைக்கவில்லை என்றால் போதும். பிரான்ஸ் தேசத்தில், ஒரு மலைக்கு அடியில், வாடகைக்கு எடுத்த வீட்டில் அன்றைக்கு எழுந்து அடுப்படிக்குப் போனால் அடுப்பையே காணவில்லை. எல்லாம் வழுவழு என்று ஒரே பலகையாக இருந்தது. அங்கங்கே தொட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் குய்யோ முறையோ என்று ஏதோ கத்தியது. கையை எடுத்துக்கொண்டேன்.

கனகா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். நான் வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டி, மங்கி குல்லாயைப் போட்டு, அதற்கு மேல் துண்டையும் சுற்றிக்கொண்டு கதவைத் திறக்கும்போது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எங்க கெளம்பிட்டீக?"

"சும்மா, ஊரைப் பாத்துட்டு வாரேன்."

"விசாரிக்கத்தான போறீக. அஸ்வினிக்குத் தெரிஞ்சா சாமியாடுவா."

"தெரிஞ்சாத்தான."

கட்டின நாளிலிருந்து இந்தப் பொம்பளையிடம் ஒரு பொய் கூடச் செல்லுபடியானதில்லை. அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போய் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

அஸ்வினி எங்களுக்கு ஒரே மகள். நாகமலைக்கு மேற்கே எங்கள் ஊர். நெல்லும் மல்லிகையும்தான் பிழைப்பு. விடியுமுன் பூ மூட்டையோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்த்தான் அவளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். படித்தவள் வேலைக்கு என்று இந்தத் தேசத்துக்கு வந்தாள். வந்த இடத்தில் பாஸ்தியான் என்று ஒருவனைப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் தெருவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாமல் இப்போது எல்லோருக்கும் அவன் பாஸ்கரன். பழைய கல் வீடுகளைச் செப்பனிடுகிற வேலை அவனுக்கு. அவனைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் இந்த மலை மேல் இருக்கிற அவன் ஊரிலேயே குடியிருக்கப் போகிறார்களாம். அஸ்வினிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை.

நான் குதித்தேன். கனகா அழுதாள். அஸ்வினி ஒன்றுதான் சொன்னாள். "யப்பா, ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க. அந்த வீட்டுல நீங்க கை நனச்சாச் சரி. நனைக்காம எந்திரிச்சு வந்தீங்கன்னா, நானும் உங்க பின்னாலயே ஊருக்கு வந்துர்றேன். ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டோம். இலை போட்டு உபசரித்தாலும் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாற்றிப் பேசினால் மனிதனே இல்லை. அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் எங்களுக்கு விருந்து. தன் வாழ்க்கை முழுவதையும் கொண்டுவந்து என் வலது கையில் வைத்துவிட்டாள் என் மகள். எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

இன்னொன்றும் உண்டு. பெண் கொடுக்கிறவன் முன்கூட்டியே மாப்பிள்ளை ஊருக்கு ஆள் தெரியாமல் போய் விசாரிக்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து, மழை தண்ணியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, மெல்ல அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டும். சொந்தக்காரனிடம் கேட்கக் கூடாது, ஆகா ஓகோ என்பான். பங்காளியிடம் கேட்கக் கூடாது, கலைத்துவிடுவான். அந்தக் குடும்பத்தோடு முகம் கொடுத்துப் பேசாத ஒருவன் ஊரில் இருப்பான். அவன் திட்டுகிற திட்டில் பாதியைக் கழித்துவிட்டால் மிச்சம்தான் உண்மை. எங்கள் வகையறாவில் எத்தனையோ பெண்களுக்கு நான் இப்படி விசாரித்துக் கொடுத்திருக்கிறேன். சொந்த மகளுக்கு விசாரிக்காமல் இருப்பேனா?

மலைப்பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். கம்பம் பக்கத்தில் தலைக்கு மேல் பந்தல் போட்டு வளர்ப்பார்கள். இங்கே இடுப்பு உயரத்துக்கு வெட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். பாதிக்குப் பாதி கல். இதில் என்னத்தை விளைவிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே ஏறினால், மேலே கோட்டை வாசல் மாதிரி ஒரு கல் வளைவு வந்தது. வளைவின் உள்பக்கச் சுவரில் ஆழமாக இரண்டு பள்ளம் ஓடியது. வண்டிச் சக்கரத்தின் அச்சாணி உரசி உரசி வந்த தடம் என்று பார்த்ததும் புரிந்தது. எத்தனை தலைமுறை வண்டி ஏறியிருந்தால் கல் இப்படித் தேயும்? விரலை விட்டுத் தடவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கனகாவின் தம்பி காளை. அஸ்வினிக்குத் தாய்மாமன்.

"மச்சான், மேல ஏறிட்டீகளா?"

"இப்பத்தான் மாப்ள வாசலுக்கு வந்திருக்கேன்."

"எம்புட்டுச் சனம் இருக்கும்?"

"ஒரு பூனை இருக்கு."

"வெளையாடாதீக. சின்ன ஊருங்கிறீக. சின்ன ஊர்னா எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமாத்தான் இருப்பாய்ங்க. எந்த வீட்டுலயும் ஒரு வாய் காப்பி குடிச்சிராதீக. பெறகு கை நனச்சிட்டாருன்னு ஆயிரும்."

"வெள்ளைக்காரனுக்கு அதெல்லாம் எங்க மாப்ள தெரியப்போகுது?"

"அவனுக்குத் தெரியாட்டி என்ன? நமக்குத் தெரியும்ல."

போனை வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

தெரு என்று சொல்ல முடியாது, சந்து. ஒரு மாட்டு வண்டி போனால் எதிரே ஆள் வர முடியாது. தரையெல்லாம் உருண்டைக் கல். என் செருப்புச் சத்தம்தான் ஊர் முழுக்கக் கேட்டது. வீடுகள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறின. ஒருவன் வீட்டுக் கூரைக்கு மேலே அடுத்தவன் வாசல். சுவர்கள் தேன் நிறக் கல், ஜன்னல்கள் எல்லாம் மரக் கதவு போட்டுச் சாத்தியிருந்தன. வாசலில் கோலம் இல்லை, கயிற்றுக் கொடியில் துணி இல்லை, அடுப்புப் புகை இல்லை. ஆடு மாடு எங்கே கட்டுவார்கள்? குப்பையை எங்கே கொட்டுவார்கள்? எனக்கு ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு வீட்டின் அடித்தளக் கதவு லேசாகத் திறந்திருக்க, எட்டிப் பார்த்தேன். உள்ளே கல் தொட்டியும் மாடு கட்டுகிற இரும்பு வளையமும் இருந்தன. தொட்டியில் ஒரு சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆக, ஒரு காலத்தில் கீழே மாடு, மேலே மனிதன். மாட்டின் சூடு மேலே ஏறிக் குளிருக்கு இதமாக இருந்திருக்கும். கெட்டிக்காரப் பயல்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை விடப் பெரிய கேள்வி தண்ணீர். மலை உச்சியில் ஊரைக் கட்டியவன் தண்ணீருக்கு என்ன செய்தான்? திருப்பரங்குன்றத்தில் கூடக் கோயில் அடிவாரத்தில்தான். மலைக்கு மேல் யாரும் குடித்தனம் நடத்தவில்லை. சந்து ஒரு சின்ன மைதானத்தில் போய் முடிந்தது. அங்கே ஒரு கல் முகம், அதன் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகித் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துணி துவைக்கிற சாய்வுக் கல்லும் இருந்தது, நடுவில் தேய்ந்து குழிந்து. ஒரு நிமிடம் எங்கள் ஊர் ஊருணிப் படித்துறையே நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே இந்நேரம் சண்டையும் சிரிப்புமாகக் காது கிழியும். இங்கே தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மைதானத்தின் விளிம்பில் மதில். எட்டிப் பார்த்தால் கீழே சமவெளி முழுவதும் மூடுபனி. தூரத்தில் யார் வந்தாலும் இங்கிருந்து தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். படை வரும், கொள்ளை வரும் என்று பயந்து பயந்து கட்டின ஊர். வெளியே இருப்பவன் உள்ளே வராமல் இருக்க வளைவும் மதிலும் வைத்தார்கள், சரி. உள்ளே இருப்பவள் யாரிடம் பேசுவாள்? என் மகள் வாயாடி. தூக்கத்தில் கூடப் பேசுவாள். நாளைக்கு இவள் இந்தச் சந்தில் தனியாக நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், பயந்து போனேன்.

அப்போதுதான் ரொட்டி வாசம் வந்தது. மூலையில் ஒரு கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளே மாவு படாமல் முன்னால் துணி கட்டிய ஓர் அம்மாள், கைமுட்டி வரை மாவு. என்னைக் கண்டதும் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். குல்லாய், துண்டு, வேட்டி, செருப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ வணக்கம் சொன்னார்.

அஸ்வினி என் போனில் ஒரு மொழிபெயர்ப்பு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். நான் தமிழில் சொன்னால் அது பிரெஞ்சில் பேசும். அவர்கள் பிரெஞ்சில் சொன்னால் ஒரு பெண் குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி தமிழில் சொல்லும். எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடாது. அதனால் நானும் மேடைப் பேச்சாளர் மாதிரித்தான் பேச வேண்டும். மழை தண்ணி பற்றி ஆரம்பித்தேன். அந்த அம்மாள் நன்றாகப் பெய்தது என்றார். இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

"பாஸ்தியான் என்ற இளைஞரின் குடும்பத்தோடு ஒத்துப்போகாதவர் இந்த ஊரில் யார்?"

போன் அதைச் சொல்லி முடித்ததும் அவர் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு வாசலுக்கு வந்து மேலே கை காட்டினார். "மதில் ஓரம், கடைசி வீடு, நீலக் கதவு. அந்தக் குடும்பத்தை அவரைப் போல் ஏசுகிறவர் இந்த மலையில் வேறு யாரும் இல்லை" என்றது செய்தி வாசிக்கும் குரல். ஆள் கிடைத்துவிட்டான் என்று எனக்கு ஒரே குஷி. அவர் ஆவி பறக்கிற ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார். நாக்கில் எச்சில் ஊறியது. காளை சொன்னது நினைவுக்கு வந்து, நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாழாய்ப் போன காளை.

நீலக் கதவைத் தட்டியதும் திறந்தவர் என் வயதுக்காரர். ஒல்லியான உயரம், கலைந்த நரைமுடி, கம்பளிச் சட்டையில் முழங்கைப் பக்கம் ஓட்டை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நான் போனை நீட்டி, வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் என் வேட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வழி விட்டார்.

உள்ளே பெரிய கரிக் கணப்பு, நீள மர மேசை. அவர் எதுவும் கேட்காமல் காப்பி போட்டார். போட்டு, டம்ளரில் இல்லை, கஞ்சி குடிக்கிற கிண்ணம் மாதிரி ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி, பாலையும் ஊற்றி, பக்கத்தில் ரொட்டியையும் வைத்தார். வாசம் மூக்கைத் துளைத்தது. வேண்டாம் என்று கும்பிடக் கையை எடுத்தேன். அதற்குள் அவரே தன் உள்ளங்கையால் கிண்ணத்தை மூடினார்.

"இப்போது வேண்டாம். முதலில் கேளுங்கள்" என்றது போன்.

காப்பியைப் போட்டு வைத்துவிட்டுக் குடிக்காதே என்கிறவனை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. கோபம் வந்தது. ஆனால் விசாரிக்க வந்த இடத்தில் கோபப்பட முடியுமா? அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"அந்தக் குடும்பத்தில் குறை ஏதும் உண்டா?"

"உண்டு. அந்தத் தந்தை நல்லவர் அல்லர். அவருடைய மனைவி அவரை விட்டுப் போய்விட்டார். கீழே ஆற்றங்கரை நகரத்தில் வேறொருவருடன் வாழ்கிறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் அம்மா இல்லை என்று அஸ்வினி சொன்னபோது இறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கமாக இருந்தால் இந்த இடத்திலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

"ஏன் போனார்?"

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யவில்லை என்று அவள் சொன்னாள். அவருக்குக் கோபம். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளிடம் ஒரு சொல் கூடப் பேசவில்லை. வசந்தம் வந்ததும் அவள் மலையை விட்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு கூரையைச் சரிசெய்தார்."

"பையன் எப்படி?"

"அவனுக்கும் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். தந்தையிடமிருந்து வந்தது. ஆனால் அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் தந்தைக்கு எதிரே உட்கார்ந்து, நீங்கள் பேசும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றான். சாப்பிடவும் இல்லை. கடைசியில் தந்தை பேசினார். உங்கள் மகளிடம் அவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

நானும் கனகாவும் சண்டை போட்டால் கீழத்தெரு வரை கேட்கும். பொழுது சாய்வதற்குள் அவள் சோற்றைப் போட, நான் குழம்பு நல்லாருக்கு என்பேன், அம்புட்டுத்தான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒரு குளிர்காலம் முழுக்க ஒருவன் பேசாமல் இருந்தால் தாங்குவாளா? திட்டில் பாதியைக் கழிக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் மறந்துபோனது. இந்த மனிதர் திட்டவே இல்லை. எதையும் கூட்டியும் சொல்லவில்லை.

"நீங்கள் ஏன் இதையெல்லாம் என்னிடம் சொல்கிறீர்கள்? அந்தத் தந்தையோடு உங்களுக்குப் பகையா?"

"ஆம். நீண்ட காலமாக."

"அவர் வீடு எது?"

அவர் கையைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, விரலால் மேசையைத் தட்டினார். "இதுதான். அந்தத் தந்தை நான்தான்."

போன் அதையும் அதே குரலில்தான் சொன்னது. எனக்குத்தான் காது அடைத்துப் போனது.

"உங்கள் வழக்கத்தை உங்கள் மகள் சொன்னார். இந்த வீட்டில் உண்டால் உங்கள் சம்மதம் என்றார். தெரியாமல் நீங்கள் குடித்துவிடக் கூடாது. பின்னால் எல்லாம் தெரிந்துகொண்டு உங்கள் மகள் ஒருநாள் இந்த மலையை விட்டுத் தனியாக இறங்குவதை விட, இன்று நீங்கள் அழைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. இப்போது குடிக்கலாம். குடிக்காமலும் போகலாம்."

நான் எழுந்துவிட்டேன். கோபமா, வெட்கமா, என்னவென்று எனக்கே தெரியவில்லை. கதவு வரை போனேன். அவர் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எத்தனை ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை பேரிடம் வாயைக் கிளறியிருக்கிறேன். தன் வீட்டுக் குறையைத் தானே எடுத்துப் பெண் வீட்டுக்காரன் முன்னால் வைத்த ஒரு தகப்பனைப் பார்த்திருக்கிறேனா? கண் தெரியாத பையனுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டுப் பெண் பார்க்கக் கூட்டிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்து நின்றபடியே கேட்டேன். "நாளைக்கு உங்கள் மகன் என் மகளிடம் பேசாமல் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "போய் அவர்கள் கதவைத் தட்டுவேன். எனக்கு அதிகம் பேசத் தெரியாது. இன்று பேசியதே எனக்கு மிக அதிகம். அதனால் உங்களைத் தொலைபேசியில் அழைப்பேன். நீங்கள் மிகவும் சத்தமாகப் பேசுவீர்கள் என்று உங்கள் மகள் சொல்லியிருக்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதை ஏன் மறைக்க? கழுதை, அப்பனைப் பற்றி எங்கே வந்து என்ன சொல்லி வைத்திருக்கிறாள் பாருங்கள்.

உட்கார்ந்தேன். ரொட்டியை எடுத்துப் பிட்டேன். மாட்டுத்தாவணியில் மூட்டையை இறக்கிவிட்டு டீயில் பன்னைத் தோய்ப்பேனே, அதே மாதிரி தோய்த்தேன். கிண்ணம் பெரிது, காப்பி தளும்பி விரல் முட்டி வரை ஏறியது. காப்பி ஆறிப்போயிருந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் கிண்ணத்தை எடுத்துவந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, அவரும் ரொட்டியைத் தோய்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமை எனக்கு உறுத்தவில்லை.

மேசை மேல் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன்.

"என்ன மச்சான், விசாரிச்சாச்சா?" என்றான் காளை.

"ஆச்சு மாப்ள."

"எப்பிடி? குடும்பம் எப்பிடியாம்?"

"கொஞ்சம் மோசம்னுதான் சொன்னாரு."

"யாரு சொன்னா? பெறகு என்ன, கெளம்பி வாங்க அங்கிட்டிருந்து. இன்னும் என்ன செய்றீக?"

"பொறுடா மாப்ள, பெறகு கூப்புடுறேன்" என்றேன். "கையெல்லாம் ஈரமா இருக்கு."